முப்பத்திரண்டா, இரண்டா?

சர்வரில் ஓடும் பெரிய மென்பொருள் எதுவானாலும் தொடங்கியவுடன் இரண்டு கேள்வி கேட்கும். இங்கே புராசஸர் எத்தனை? மெமரி எவ்வளவு? கிடைக்கும் பதிலை வைத்துத்தான் எத்தனை த்ரெட்டுகளை (ஒரே நேரத்தில் நடக்கும் வேலை இழைகளை) ஓட விடுவது, தரவுகளுக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது, பயன்படாத தரவுக் குப்பையை எப்போது அள்ளுவது என்றெல்லாம் அது முடிவு செய்கிறது. மனிதர் யாரும் எண்களை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, மென்பொருளே இயந்திரத்தைப் பார்த்து அளவறிந்து நடந்துகொள்ளும் என்பது இதன் பெருமை. 2013இல் டாக்கர் என்ற கருவி வந்து கன்டெய்னர்கள் பரவத் தொடங்கியதும் அந்தப் பெருமையே வினையாகிவிட்டது.

வேம்பாரை வைத்துப் பார்ப்போம். விளாத்திகுளம் வட்டத்துக் கடற்கரை ஊர். முத்துக்குளித்துறையின் ஏழு பரதவர் ஊர்களில் வடகோடியில் இருப்பது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் நல்லதண்ணி, உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி மூன்றும் இந்த ஊரின் பெயரில் ஒரு தொகுதி. தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்து முடிந்துவிட்டது. இன்று கரையில் ஏலம் போவது மீனும் நண்டும் கணவாயும்தான்.

அந்த ஏலத்துக்குக் கணக்கு வைக்க ஒரு செயலி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முழுக்கக் கற்பனை, எண்களும் நான் கணக்குக்கு வசதியாக எடுத்துக்கொண்டவை. எந்த வள்ளம், எத்தனை கிலோ, யார் எடுத்தார், என்ன விலை, யாருக்கு எவ்வளவு பாக்கி, இவ்வளவும் அதில் பதிவாகும். காலையில் வள்ளங்கள் கரை சேர்ந்ததும் ஒரு மணி நேரம் செயலிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மற்ற நேரமெல்லாம் சும்மா கிடக்கும். இப்படிப்பட்ட வேலைக்கு யாரும் முழு இயந்திரம் வாங்க மாட்டார்கள். மும்பையிலோ ஹைதராபாத்திலோ உள்ள ஒரு டேட்டா சென்டரில் 32 புராசஸரும் 64 ஜிபி மெமரியும் கொண்ட இயந்திரத்தில் ஒரு மூலையை வாடகைக்கு எடுப்பார்கள். 2 புராசஸர், 2 ஜிபி. அந்த மூலைதான் கன்டெய்னர்.

செயலி ஜாவாவில் எழுதியது, 2016ஆம் ஆண்டு வழக்கில் இருந்த ஜாவா 8 என்று கொள்வோம். தொடங்கியதும் அது கேட்கிறது: புராசஸர் எத்தனை? 32 என்று பதில் வருகிறது. மெமரி? 64 ஜிபி. வாடகை கட்டியது இரண்டுக்கு; கண்ணில் பட்டது முப்பத்திரண்டு. வள்ளத்தின் கொள்ளளவைப் பார்க்காமல் கடலின் பரப்பைப் பார்த்து வலை ஏற்றுகிறவன் நிலைமைதான்.

ஏன் இப்படி? கன்டெய்னர் என்ற ஒரு பொருளே லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் கிடையாது. மெய்நிகர் இயந்திரத்தில் உள்ளே இருக்கும் மென்பொருளுக்குத் தனிக் கெர்னலும் தனி இயந்திரத்தின் தோற்றமும் கிடைக்கும். கன்டெய்னரில் எல்லாரும் ஒரே கெர்னலின் குடிகள். அந்தக் கெர்னலில் தனித்தனியாக வளர்ந்த இரண்டு ஏற்பாடுகளைச் சேர்த்துக் கட்டியதற்குத்தான் கன்டெய்னர் என்று பெயர். ஒன்று நேம்ஸ்பேஸ்: யார் கண்ணுக்கு எது தெரியலாம் என்பதை முடிவு செய்வது. அடுத்தவருடைய நிரல்கள், அவருடைய நெட்வொர்க், அவருடைய கோப்புகள் எதுவும் உங்களுக்குத் தெரியாது. மற்றொன்று சிகுரூப்: யார் எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதை முடிவு செய்வது. முதலாவது, மெமரி எவ்வளவு, புராசஸர் எத்தனை என்பதை மட்டும் மறைக்காமல் விட்டுவிட்டது. இரண்டாவது அளவை விதித்தது. ஆனால் விதித்த அளவை, மென்பொருள்கள் காலங்காலமாகப் பார்த்துவந்த இடத்தில் எழுதி வைக்கவில்லை. ப்ராக் அடைவில் இருக்கும் மெம்இன்ஃபோ கோப்பைத் திறந்தால் முழு இயந்திரத்தின் 64 ஜிபி தெரியும். உங்கள் 2 ஜிபி எல்லை வேறொரு அடைவில், பழைய மென்பொருள்கள் கேள்வியே படாத இடத்தில் இருக்கும்.

இதில் யாரையும் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. எல்லை விதிக்கும் வேலையே அன்று பெரும்பாடாக இருந்தது. அதில் கணிசமான பகுதி பெங்களூரில் நடந்தது என்பது நம் ஊர்ப் பத்திரிகைகள் அதிகம் பேசாத செய்தி.

2006இல் கூகுளில் இருந்த பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் ‘ப்ராசஸ் கன்டெய்னர்’ என்ற பெயரில் தொடங்கிய முயற்சி, பிறகு கன்ட்ரோல் குரூப் என்று பெயர் மாறி, 2008 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.6.24 பதிப்பில் சேர்ந்தது. அது நிரல்களைக் குழுவாகப் பிரிக்கும் சட்டகம் மட்டுமே. குழுவுக்கு இவ்வளவு மெமரி என்று கட்டுப்படுத்தும் பகுதியை ஐபிஎம் இந்தியாவின் பெங்களூர் லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தில் இருந்த பல்பீர் சிங்கும், ஓப்பன்விஇசட் குழுவின் பாவெல் எமெல்யானவும் எழுதினார்கள். லினக்ஸின் மெமரிக் கட்டுப்பாட்டு மூலநிரலைத் திறந்தால் தலைப்பிலேயே 2007 என்ற ஆண்டோடு இரண்டு பெயர்களும் இன்றைக்கும் இருக்கின்றன. புராசஸர் நேரத்தைக் குழுக்களுக்கிடையே நியாயமாகப் பங்கிடும் பகுதியில் அதே மையத்தின் ஸ்ரீவத்சா வட்டகிரியின் பெயர் இருக்கிறது. ‘நியாயமான பங்கு’ மட்டும் போதாது, இதற்கு மேல் ஒரு துளியும் கிடையாது என்ற கறாரான உச்சவரம்பும் வேண்டும் என்று 2009இல் முதல் திருத்தங்களை அனுப்பியவர் அங்கிருந்த பரத பி. ராவ். கூகுளின் பால் டர்னர், நிகில் ராவ் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 2010இல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் வந்தது. 2012 ஜனவரியின் லினக்ஸ் 3.2இல் அந்த உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. இன்று உலகில் எந்த லினக்ஸ் கன்டெய்னருக்கு ‘2 புராசஸர்’ என்று எல்லை போட்டாலும் உள்ளே இயங்குவது இந்தக் கருவியின் வழித்தோன்றல்தான்.

இப்போது நம் வேம்பார்ச் செயலிக்குத் திரும்பலாம். மெமரியில் என்ன ஆகிறது?

ஜாவா தன் தரவுகளை வைக்கும் இடத்துக்கு ஹீப் என்று பெயர். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் இயந்திர மெமரியில் நான்கில் ஒரு பங்கு வரை ஹீப் வளரலாம் என்று அது வைத்துக்கொள்ளும். 64இல் கால் பங்கு 16 ஜிபி. ஏலத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் தற்காலிகத் தரவுகள் உண்டாகிக் குப்பையாகச் சேர்கின்றன. 16 ஜிபி இருக்கும்போது இப்போதே அள்ளுவதற்கு என்ன அவசரம்? ஜாவா சாவகாசமாக இருக்கிறது. ஹீப் 1 ஜிபியைத் தாண்டுகிறது, ஒன்றரையைத் தாண்டுகிறது. மொத்தப் பயன்பாடு 2 ஜிபியைத் தொட்டதும் கெர்னல் முதலில் அந்தக் குழுவிடமிருந்தே எதையாவது மீட்க முடியுமா என்று பார்க்கும். வட்டிலிருந்து படித்து வைத்த கோப்புப் பக்கங்கள் இருந்தால் அவற்றை விட்டுவிடலாம். அதுவும் தீர்ந்துவிட்டால் குழுவுக்குள் ஒரு நிரலைத் தேர்ந்து கொன்றுவிடும். எச்சரிக்கை கிடையாது; ஜாவாவுக்குத் தன் கடைசிச் சொல்லைப் பதிவேட்டில் எழுதவும் நேரம் கிடையாது. வெளியே தெரிவது 137 என்ற எண் மட்டும். 128உடன் கொல்லும் சமிக்ஞையின் எண்ணான 9ஐக் கூட்டினால் வருவது. கொன்றதற்கான குறிப்பு தாய் இயந்திரத்தின் கெர்னல் பதிவேட்டில் இருக்கும். மூலையை வாடகைக்கு எடுத்தவருக்கு அதைப் பார்க்கும் உரிமை பெரும்பாலும் இருப்பதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் குப்பையை அள்ளியிருந்தால் 300 எம்பியில் முடிந்திருக்கக்கூடிய வேலை அது. பசியால் சாகவில்லை, தவறான நம்பிக்கையால் செத்தது.

புராசஸர் விஷயம் இதைவிட நுட்பமானது. மெமரி தீர்ந்தால் நிரல் சாகும். புராசஸர் நேரம் தீர்ந்தால் சாகாது, நின்றுவிடும். அதனாலேயே கண்டுபிடிப்பது கடினம்.

2 புராசஸர் எல்லை என்றால் இயந்திரத்தின் 32இல் இரண்டைப் பிரித்து உங்களிடம் கொடுத்துவிடுவதாகத்தான் யாரும் நினைப்பார்கள். அப்படி அல்ல. கெர்னல் காலத்தை 100 மில்லிவினாடித் துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் உங்கள் குழு மொத்தம் 200 மில்லிவினாடிப் புராசஸர் நேரம் செலவழிக்கலாம். எந்தப் புராசஸரில், எத்தனை புராசஸரில் என்ற கேள்வியே கிடையாது. இரண்டு த்ரெட்டுகள் துண்டு முழுக்க ஓடினாலும் 200. முப்பத்திரண்டும் ஒரே நேரத்தில் ஆளுக்கு ஆறே கால் மில்லிவினாடி ஓடினாலும் 200.

32 புராசஸர் இருப்பதாக நம்பும் ஜாவா 8, குப்பை அள்ளுவதற்கு 23 த்ரெட்டுகளை வைத்துக்கொள்கிறது. சூத்திரம் இதுதான்: முதல் எட்டுக்கு எட்டு, மிச்சத்தில் எட்டில் ஐந்து பங்கு. இரண்டுதான் என்று தெரிந்திருந்தால் இரண்டோடு நின்றிருக்கும். ஏலம் உச்சத்தில் இருக்கும்போது குப்பை அள்ளும் நேரம் வருகிறது. 23 த்ரெட்டுகளும் பாய்ந்து வேலை செய்கின்றன. 200ஐ 23ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8.7. அதாவது ஒன்பது மில்லிவினாடிக்குள் பங்கு காலி. மீதி 91 மில்லிவினாடி செயலி முழுதும் உறைந்து நிற்கும். குப்பை அள்ளும் த்ரெட் மட்டுமல்ல, விலையைப் பதிவு செய்யும் த்ரெட்டும்தான். அடுத்த துண்டு பிறக்கிறது, மறுபடி பாய்ச்சல், மறுபடி உறைவு. இயந்திரத்தின் முப்பத்திரண்டு புராசஸர்களும் அப்போது சும்மா இருக்கலாம். அது கெர்னலுக்குப் பொருட்டல்ல. கறாரான உச்சவரம்பு என்றால் அதுதான்.

கட்டுப்பாட்டுத் திரையைப் பார்த்தால் புராசஸர் பயன்பாடு நாள் சராசரி பத்து சதவீதம்கூட வராது. பத்து சதவீதத்தில் ஓடும் செயலி ஏன் திணறுகிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளலாம். சராசரி ஒரு நாளைக்கு எடுத்தது. நெருக்கடியோ நூறு மில்லிவினாடியில் நடப்பது. எத்தனை துண்டுகளில் குழு நிறுத்தப்பட்டது என்ற கணக்கைச் சிகுரூப் ஒரு கோப்பில் எழுதித்தான் வைக்கிறது. சர்வர் மந்தமாக இருக்கிறது என்று எவர் வந்து சொன்னாலும் முதலில் திறக்கச் சொல்ல வேண்டிய கோப்பு அது. விடியற்கால ஏலம் மாதிரி நாளின் ஒரு மணி நேரத்தில் எல்லாம் குவியும் வேலைகளுக்கு, சராசரியைப் போல ஏமாற்றும் எண் வேறில்லை.

ஜாவாவை மட்டும் இழுத்து வைத்துப் பேசுகிறேனே தவிர, குற்றவாளிக் கூண்டில் கூட்டம் அதிகம். நெட்டி என்ற பிரபலமான நெட்வொர்க் நூலகம் புராசஸருக்கு இரண்டு வீதம் த்ரெட் வைக்கும். நம் கணக்கில் 64. என்ஜின்எக்ஸ் வலைச் சர்வரில் ‘தானாகப் பார்த்துக்கொள்’ என்று எழுதினால் தாய் இயந்திரத்தில் கண்ட புராசஸருக்கு ஒன்றாக 32 வேலையாள் நிரல்களைக் கிளப்பும். கோ மொழியில் எழுதிய நிரல்களுக்கும் 2025 வரை இதே கதைதான். இதற்கு மாறாக, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தன் பகிர்வு மெமரிக்கு 128 எம்பி என்று ஒரு சின்ன எண்ணை முன்னிருப்பாக வைத்திருக்கிறது. இயந்திரம் பெரிதா சிறிதா என்று கேட்பதே இல்லை. பல காலம் ‘இது என்ன பத்தாம்பசலித்தனம், யாராவது கையால் மாற்ற வேண்டியிருக்கிறதே’ என்று திட்டு வாங்கிய குணம். கன்டெய்னர் யுகத்தில் அந்த மந்தமே அதைக் காப்பாற்றியது. அடிபட்டதெல்லாம் சூட்டிகையான மென்பொருள்கள்.

மருந்து மெதுவாகத்தான் வந்தது. 2017 ஏப்ரலில் ஜாவா 8இன் ஒரு திருத்தப் பதிப்பில், சோதனை முயற்சி என்ற முத்திரையோடு, சிகுரூப் மெமரி எல்லையைப் படிக்கும் வசதி வந்தது. நாமாகக் கேட்டால்தான் வேலை செய்யும். 2018 மார்ச்சில் ஜாவா 10இல் அது தானாகவே நடக்கத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் பழைய ஜாவா 8க்கும் கொடுத்தார்கள். டாக்கர் வந்து ஐந்து ஆண்டு கழித்து. கோ மொழிக்கு உபர் நிறுவனம் ஒரு சின்ன நூலகம் எழுதி வெளியிட்டது. ஒரு வரி சேர்த்தால் போதும். கோ மொழியே இதைத் தன் வேலையாக ஏற்றுக்கொண்டது 2025 ஆகஸ்டில், 1.25 பதிப்பில். என்ஜின்எக்ஸின் அதிகாரபூர்வ டாக்கர் படிமத்தில் எல்லையைப் படித்து வேலையாள் எண்ணிக்கையைத் திருத்தும் ஒரு துணை நிரல் இருக்கிறது. அதையும் நாம்தான் இயக்க வேண்டும். மென்பொருளைத் திருத்த முடியாதவர்கள் எதிர்ப்பக்கமிருந்து வந்தார்கள்: எல்எக்ஸ்சிஎஃப்எஸ் என்ற கருவி, கன்டெய்னருக்குள் திறக்கும் மெம்இன்ஃபோ கோப்பையே மாற்றி, 64க்குப் பதில் 2 என்று காட்டுகிறது. மென்பொருள் பழைய இடத்தில் பார்த்தாலும் புதிய பதிலே கிடைக்கும். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் நேர்த்தியான தீர்வாகப் படுகிறது, ஆனால் டாக்கர் உலகில் பரவலாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

கற்றுக்கொண்டதையும் ஒரு முறை மறக்க வேண்டி வந்தது. சிகுரூப்பின் முதல் வடிவம் கோப்புகளின் காடு. 2016இல் லினக்ஸ் 4.5இல் ஒழுங்குபடுத்திய இரண்டாம் வடிவம் வந்தது. கோப்புகளின் பெயரும் இடமும் மாறின. 2019இல் ஃபெடோரா 31உம், 2021இல் உபுண்டு 21.10உம் இரண்டாம் வடிவத்துக்கே மாறிவிட்டன. பழைய இடத்தில் எல்லையைத் தேடக் கற்றிருந்த ஜாவா, அங்கே ஒன்றும் இல்லாததைக் கண்டு, எல்லையே கிடையாது என்று மறுபடி முழு இயந்திரத்தையும் தனதாக எண்ணியது. 2020 செப்டம்பரின் ஜாவா 15 முதல்தான் இரண்டாம் வடிவமும் புரிந்தது. இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் காரணமில்லாமல் 137 வரத் தொடங்கியவர்களுக்குப் பின்னால் இந்தக் கதை இருந்தது.

எல்லையைப் படித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? 2 ஜிபி என்று தெரிந்துகொண்ட புதிய ஜாவா, அதே பழைய வழக்கப்படி கால் பங்கு, 512 எம்பியை ஹீப்புக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறது. இப்போது சாகவில்லை, ஆனால் வாடகையில் பாதிக்கு மேல் வீண். முழு 2 ஜிபியையும் ஹீப்புக்குக் கொடுக்கலாமா என்றால் அதுவும் முடியாது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஏறத்தாழ 1 எம்பி அடுக்கு, வகுப்புகளின் விவரம், இயந்திர மொழிக்கு மாற்றிய நிரல், நெட்வொர்க்குக்கான இடையகங்கள் எல்லாம் ஹீப்புக்கு வெளியே இருக்கின்றன. கெர்னலோ எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுகிறது. அறுபது முதல் எழுபத்தைந்து சதவீதத்துக்குள் ஓர் எண்ணைக் கொடுத்து, ஏல நேரத்தில் அளந்து பார்த்துத் திருத்துவதே நடைமுறை. அளக்கும்போதும் ஒரு பொறி உண்டு: சிகுரூப் காட்டும் பயன்பாட்டில் வட்டிலிருந்து படித்த கோப்புப் பக்கங்களும் சேர்ந்திருக்கும். எல்லையை ஒட்டி எண் நிற்பதைப் பார்த்துப் பயந்து மெமரி வாங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பக்கங்கள் வேண்டும்போது விட்டுக்கொடுக்கக்கூடியவை.

புராசஸரில் சிக்கல் இன்னும் ஆழமானது. எல்லை ஒன்றரை புராசஸர் என்றால் ஜாவா எத்தனை என்று சொல்ல வேண்டும்? மேல்நோக்கி முழுமையாக்கி 2 என்கிறது. உச்சவரம்பே இல்லாமல், நெருக்கடி வந்தால் மற்றவர்களோடு எந்த விகிதத்தில் பங்கிடுவது என்ற எடை மட்டும் இருந்தால்? அந்த எடையை 1024க்கு ஒரு புராசஸர் என்று ஜாவா சில ஆண்டுகள் மாற்றிப் பார்த்தது. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் என்ற கருவியில் எதுவும் கேட்காமல் ஓடும் கன்டெய்னருக்கு எடை 2. ஜாவா அதை ஒரே புராசஸர் என்று எடுத்துக்கொண்டு, 32 புராசஸரும் சும்மா இருக்கும் இயந்திரத்தில் ஒற்றை ஆளாக உருண்டுகொண்டிருந்தது. போதாததற்கு, இரண்டுக்குக் குறைவான புராசஸரைக் கண்டால் இது சர்வரே அல்ல என்று முடிவு கட்டி, குப்பை அள்ளுவதற்கு மிக எளிய ஒற்றை த்ரெட் முறைக்கு இறங்கிவிடும். 2022இல் ஜாவா 19 இந்த எடைக் கணக்கைக் கைவிட்டது. சரியான முடிவு என்பேன். விகிதத்தை எண்ணிக்கையாக மாற்றவே முடியாது; அடுத்த மூலையில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

அதனால்தான் ‘எத்தனை புராசஸர்?’ என்ற கேள்வியே இப்போது கொஞ்சம் பொருளற்றுவிட்டது. எல்லை என்பது காலத்தின் அளவு. அதற்கு ஒரு முழு எண்ணைப் பதிலாகச் சொல்லும் எந்த மென்பொருளும் தோராயமாகத்தான் சொல்கிறது. தோராயம் தவறல்ல, 32ஐவிட 2 எவ்வளவோ மேல். ஆனால் தொடங்கும்போது ஒரு முறை கேட்டுவிட்டு வாழ்நாள் முழுக்க அதையே பிடித்துக்கொள்வதைவிட, ஓடும்போதே நெருக்கடியை உணர்ந்து நடப்பது நல்லது. அதற்கான கருவிகளும் வந்துவிட்டன. இரண்டாம் வடிவச் சிகுரூப்பில் கொல்லும் எல்லைக்குக் கீழே இன்னொரு எல்லை போடலாம். அதைத் தாண்டினால் கெர்னல் கொல்லாது, வேகத்தைக் குறைத்து மெமரியை மீட்கத் தொடங்கும். 2018 டிசம்பரின் லினக்ஸ் 4.20 முதல், மெமரிக்கோ புராசஸருக்கோ காத்திருந்து குழு இழந்த நேரம் எத்தனை சதவீதம் என்பதையும் கெர்னல் கணக்கிட்டுச் சொல்கிறது. கோ 1.25 எல்லையை அவ்வப்போது மறுபடி படித்துத் தன் எண்ணை மாற்றிக்கொள்கிறது.

வேம்பார்ச் செயலிக்கு இதெல்லாம் தேவைப்படும் பருவம் ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகு மீனைத் தேடி வியாபாரிகள் கூடுவார்கள். அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் 2 ஜிபியை 4 ஆக்கலாம் என்று தோன்றும். 2025 ஏப்ரலில் வந்த குபர்நெட்டீஸ் 1.33இல், ஓடும் கன்டெய்னரை நிறுத்தாமலே எல்லையை மாற்றும் வசதி வழக்கமாகத் திறந்தே இருக்கிறது. கெர்னல் பக்கம் அது நொடியில் நடந்துவிடும். ஜாவா பக்கம் ஹீப்பின் உச்ச அளவு தொடங்கும்போது நிச்சயித்ததுதான், ஓடும்போது உயராது. கூட்டிய 2 ஜிபியைத் தொட வேண்டுமானால், ஏலம் இல்லாத ஒரு மதியத்தில் செயலியை நிறுத்தித் திரும்பக் கிளப்ப வேண்டும்.